ராகு காலத்துக் கற்கண்டு

இன்சுலினுக்கு ஒரு மணம் உண்டு. புதிதாகப் பிரித்த பிளாஸ்டரும், அப்போதுதான் கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தாவும் சேர்ந்து ஒரு ஊசிமுனையில் வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்குமோ, அப்படி. இன்சுலின் பேனாவை நிமிர்த்திப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்றைத் துரத்துவதற்காக ஒரு துளியைச் சிந்தவிடும்போது எழும்பும், மறுகணம் போய்விடும். மாத்தளையில் வீட்டுக்கு வீடு ஒரு மணம். எங்களுக்கு இடது பக்கத்து வீட்டில் கராம்பு காயும். வலது பக்கத்தில் சாதிக்காய். எதிர்வீட்டு அக்கா முற்றத்தில் மிளகைப் பரப்பிவிட்டு, தும்மிக்கொண்டே கோழி விரட்டுவார். எங்கள் வீட்டுக்கென்று இருப்பது இந்த ஒரு துளிதான், வேளைக்கு வேளை.

இன்று காலையும் அது எழும்பியது. உடனே நான் சமையலறையில் இல்லை. கலேவெலயில், வெங்காய மூட்டைகள் அடுக்கிய ஒரு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழே, உச்சி வெயிலில் நிற்கிறேன். பக்கத்தில் ஆறு வயது மகள். அவள் உடம்பில் சீனி இறங்கிக்கொண்டிருக்கிறது. அவளைப் பெற்ற நானோ, பிள்ளைக்குக் கவிதை வந்துவிட்டதென்று மெய்சிலிர்த்துக்கொண்டிருக்கிறேன்.

(சரியாகத்தான் வாசித்தீர்கள். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.)

நான் வசன கவிதை எழுதுகிறவன். "வசனமான்னு கேட்டா கவிதைங்கிறார், கவிதையான்னு கேட்டா வசனங்கிறார், கறி வாங்கிட்டு வந்தாச்சான்னு கேட்டா ரெண்டும் இல்லைங்கிறார்" என்று என் மனைவி சுமதி என்னை விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்வாள். பிழைப்புக்கு டவுனில் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்டுகளையும் மரண அறிவித்தல்களையும் கணினியில் வடிவமைக்கிறேன். (ஒருமுறை இரண்டிலும் படம் மாறிப்போனது. அந்தக் கதையைச் சொல்ல மாப்பிள்ளை வீட்டார் இன்னும் அனுமதி தரவில்லை.) எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியாது. உடம்பு இருந்தாலும் மனம் இருக்காது. பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தை நினைப்பேன். இறங்க வேண்டிய இடத்தில் ஜன்னலை நினைப்பேன்.

மகள் நிலானிக்கு நாலு வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், தீராத தாகம் வந்தது. குடித்தாள், போனாள், வந்து மறுபடி குடித்தாள். "என் வீட்டுக்குள் ஒரு சின்ன ஆறு" என்று தொடங்கி நான் ஒரு பக்கம் எழுதினேன். சுமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

டைப் வன் நீரிழிவு என்றார்கள், எங்கள் பேச்சில் சீனி வருத்தம். பிள்ளையின் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இனி நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், இதில் யார் தவறும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம். ஊசி போட்டால், சொன்ன நேரத்துக்குச் சோறு வந்தே ஆக வேண்டும். உள்ளே போன இன்சுலின் யாருக்காகவும் காத்திருக்காது. சோறு வராவிட்டால் இரத்தத்தில் இருக்கிற சீனியையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு, பிள்ளையையே மயக்கத்துக்குள் இழுத்துப்போய்விடும். டாக்டரம்மா இதை என்னிடம் இரண்டு தரம் சொன்னார். சுமதியிடம் ஒரு தரம்தான் சொன்னார். ஆளைப் பார்த்துச் சொல்கிறவர்.

இனி கலேவெல.

சுமதியின் தம்பி கஜனுக்குச் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. மூன்று மொழியில் சிரிப்பான். எங்கள் மொழியில் அதிகம் பேசமாட்டான். கலேவெலயில் வெங்காய மொத்த வியாபாரி ஒருவரின் மகள் தர்ஷினியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். (அவர்கள் இரண்டு பேரும் முதலில் பேசிவிட்டார்கள். பெரியவர்கள் பிறகு பேசினார்கள். முறைப்படி எல்லோரும் ஆச்சரியப்பட்டோம்.) தட்டு மாற்றி நிச்சயம் செய்ய ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளைக் குறித்தார்கள். புதன்கிழமை.

படைக்குத் தலைமை சுமதியின் பெரியப்பா. தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தைவிட்டு வந்து பல வருடமாகியும் ஆள்கணக்கு எடுக்கிற கண் போகவில்லை. வேன் மாத்தளையைத் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து திரும்பி, எங்களை எண்ணிவிட்டு, உத்தரவு போட்டார்.

"அங்க போயி சீனிங்கிற வார்த்தைய ஒருத்தரும் எடுக்கக் கூடாது. பரம்பரை வியாதின்னு நெனச்சிட்டாங்கன்னா பையன் கல்யாணம் போச்சு. தேத்தண்ணிக்கு இனிப்புக் காணாட்டியும் வாய மூடிக்கிட்டுக் குடிங்க. அந்த ஊசிப் பையி வேனை விட்டு எறங்கக் கூடாது. வெளங்கிச்சா மாப்ள?"

மாப்பிள்ளை என்றது என்னை. உண்மையான மாப்பிள்ளை கஜன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சுமதியின் முகம் இறுகிப்போயிருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த நிலானிதான் கேட்டாள்.

"எனக்கு சீனி எறங்குச்சுன்னா என்னன்னு சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாத ராசாத்தி. சும்மா சிரிச்சிக்கிட்டு இரு" என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் அன்று தட்டு ஏந்த வேண்டியவள் சுமதி. ஆகவே பிள்ளையின் ஊசி என் பொறுப்பு. பல்லேபொல வரும்வரை அவள் எனக்குப் பாடம் நடத்தினாள்: முதலில் மீட்டரில் பார், பிறகு சாப்பாடு எத்தனை மணிக்கென்று கேள், சாப்பிட அரை மணிநேரம் இருக்கையில் போடு, சட்டைப் பையில் டொபி இருக்கிறதல்லவா, அது அவசரத்துக்கு. நான் தலையாட்டினேன். வெளியே பல்லேபொல வயல்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றன. ஒரு கொக்கு வரம்பில் நின்று, எதையோ மறந்துவிட்டு வந்ததைப் போல யோசித்தது. பனி விலகுகிறதா, நான் விலகுகிறேனா என்று தெரியாத ஒரு நிலை. அந்த நிலையில் என் கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய்வந்துகொண்டிருந்தது.

(பிற்பாடு விசாரணையில் தெரியவந்தது: கலேவெல போய்ச் சேருமுன் அவசரத்துக்கென்று வைத்த டொபி அத்தனையையும் நானே சாப்பிட்டிருந்தேன்.)

வழியில் டயர் பஞ்சராகி, மாற்றவே வெகுநேரமாகி, நாங்கள் போய் இறங்கியபோது உச்சி நேரம் நெருங்கிவிட்டது. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். பெண்ணின் அப்பா, அகன்ற நெற்றியும் அளந்து பேசும் பேச்சுமாக, கைகூப்பி நின்றார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். புதன்கிழமையென்றால் பன்னிரண்டிலிருந்து ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வழியில்லை. இனி ஒன்றரைக்குப் பிறகுதான். இரண்டு பக்கமும் அதை ஒப்புக்கொண்டு, கூடத்தில் விரித்திருந்த பாயில் எதிரெதிராக உட்கார்ந்தன. நடுவே நாங்கள் கொண்டுபோன தட்டுகள்: தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், சேலை, கற்கண்டு. எல்லாவற்றுக்கும் மேலே சுமதி முதல் நாள் இரவு இழுத்துக்கட்டிய மினுங்கும் பொலித்தீன், சிவப்பு ரிப்பன்.

நானும் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் தட்டு மாற்றுவது தள்ளிப்போன விசயம் என் காதிலும் விழுந்திருக்கும். என் காதில் விழுந்தது வேறு: பின்கட்டிலிருந்து பருப்பு தாளிக்கிற சத்தம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தின் வழியே போனேன். சமையல்காரர் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். சாப்பாடு ரெடியா என்று கேட்டேன்.

"எல்லாம் ரெடி அண்ணே. எலை போடுறதுதான் பாக்கி."

இதைவிடத் தெளிவான பதில் ஒரு மனிதனுக்குக் கிடைக்குமா? நான் நேரே வேனுக்குப் போனேன். மீட்டரில் பார்த்தேன், நல்ல எண். துளியைச் சிந்தவிட்டேன். வெங்காய வாசனைக்கு நடுவே அந்த மணம் எழும்பியது. நிலானி சட்டையைத் தூக்கிக் காட்டினாள். போட்டேன். எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, பெரியப்பா சொற்படி பையை சீட்டுக்கடியில் தள்ளினேன். டிரைவர் வந்து, பஞ்சரான டயரை ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று வேனை எடுத்தார். பையும் அதனுள் போனது. நான் கையசைத்து வழியனுப்பினேன்.

எங்களவர்களுக்கு இதில் எங்கே பிழை என்று இந்நேரம் விளங்கியிருக்கும். பெண் வீட்டில் சாப்பாடு ரெடியாக இருப்பது வேறு, சாப்பாடு போடுவது வேறு. தட்டு மாற்றாமல் அந்த வீட்டில் கை நனைக்க முடியாது. பால் விடாத பிளேன்டீ வாங்கிக் குடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். இலையே விழாது. இந்த வழக்கத்தை வைத்துத்தான் எங்கள் அச்சகத்தில் பாதிக் கார்டுகள் அடிக்கிறோம். அதுதான் அன்று எனக்கு மறந்துபோனது. சோறு அண்டாவிலே ஆறிக்கொண்டிருக்கிறது, இன்சுலின் பிள்ளைக்குள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது, இரண்டுக்கும் நடுவே ராகு கால் நீட்டிப் படுத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் மகளும் வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு மூட்டையில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம்.

கலேவெல வெயில் எங்கள் பக்கத்து வெயிலைப் போலில்லை. மாத்தளையில் வெயில் மலைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடும். அங்கே அது வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. வெங்காயச் சருகுகள் காற்றில்லாமலே எழும்பி, கொஞ்சம் பறந்து, இளஞ்சிவப்பாகத் திரும்ப விழுந்தன. தூரத்து ரோட்டில் ஒரு பஸ் போனது. அதன் சத்தம் மட்டும் எங்களிடம் வந்து சேர வெகுநேரம் எடுத்தது. எனக்குச் சொக்கியது. அப்போதுதான் நிலானி சொன்னாள்.

"அப்பா, வெயில் மெதுவா நடக்குது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனிதன் இருபது வருடமாக இப்படி ஒரு வரிக்காக அலைகிறான். பிள்ளையின் வாயில் அது சும்மா வந்து விழுகிறது. "ம், அப்புறம்?" என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"மரமெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது."

பார்த்தேன். ஆமாம், கானல் நெளிய, எல்லா மரமும் தண்ணீருக்குள்தான் நின்றன. வம்சத்தில் எதுவும் வீணாவதில்லை என்று தோன்றியது. இவளை எந்தப் பத்திரிகைக்கு எழுதவைக்கலாம், முதல் தொகுப்புக்கு நான் முன்னுரை எழுதுவது அழகாக இருக்குமா என்பதுவரை என் மனம் போய்வந்துவிட்டது. அவள் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. கலேவெல சூட்டுக்கு யாருக்குத்தான் வேர்க்காது? அவள் தலை என் தோளில் சாய்ந்தது. பாசம் என்று நினைத்தேன்.

"என் கை எங்கயோ... தூரத்துல இருக்கு."

இந்த இடத்தில் என்னைத் தடுத்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று எனக்குள் லேசாக அசைந்தது. கவிஞன் அதை அதட்டி உட்காரவைத்தான். "அருமை செல்லம். அந்த எங்கயோங்கிறத மட்டும் எடுத்துட்டுத் திருப்பிச் சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் திருப்பிச் சொல்லவில்லை.

அந்நேரம் பார்த்துச் சுமதி பின்வாசலால் வந்தாள். தட்டு மாற்றுவது தள்ளிப்போய்விட்டது, ஊசி போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். வந்தவள் முற்றத்தின் நடுவிலேயே நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, ஊசி போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. ஷ்... புள்ள கவிதை சொல்லுது."

"உங்க கவிதையில தீய வெக்க. சீனி எறங்குது அவளுக்கு. டொபியக் குடுங்க, டொபி."

சட்டைப் பையில் கைவிட்டேன். காகிதம். இன்னும் விட்டேன். இன்னும் காகிதம். வேன் நின்ற இடத்தைப் பார்த்தேன். அங்கே வேனின் நிழல்கூட இல்லை. அந்தக் கணத்தில்தான் வெயில், மரம், தண்ணீர் எல்லாம் ஒன்றாக இடிந்து என் தலையில் விழுந்தன. என் மகள் கவிதை சொல்லவில்லை. மயக்கத்தின் வாசலில் நின்றுகொண்டு, தெரிவதையெல்லாம் எனக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா தடைசெய்த அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லா வார்த்தையிலும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கூடம். கூடத்தில் ராகு காலத்து மௌனம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மழை விடக் காத்திருக்கும் மாடுகளைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தட்டுகள். கற்கண்டுத் தட்டு என் கண்ணில் பட்டது. அப்படியே முழங்காலில் விழுந்து, பொலித்தீனைப் பிடித்து இழுத்தேன்.

அந்தச் சத்தத்தை நான் இன்னும் கனவில் கேட்கிறேன். அமைதியான வீட்டில் பொலித்தீன் கிழிகிற சத்தம் கூரைத் தகரம் பறக்கிற சத்தத்தைவிடப் பெரியது. ரிப்பன் போனது. தட்டு சரிந்தது. கற்கண்டு பாயெல்லாம் சிதறி, பெரியவர்களின் மடியிலும் வேட்டி மடிப்பிலும் போய்ப் பதுங்கியது. நான் பொடியாகக் கிடந்ததை அள்ளிப் பிள்ளையின் வாயில் வைத்தேன். அவள் மெதுவாகச் சப்பினாள்.

"மாப்ள" என்றார் பெரியப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. "ராகு காலத்துல தட்டுல கை வெக்கிறியே. சோறு காணாத ஆளா நீ?"

பெண் வீட்டார் என்னைப் பார்த்த பார்வையை விளக்க எந்தக் கவிதையாலும் முடியாது. கற்கண்டுக்காகக் குழந்தையைக் கடத்தி வந்தவனைப் பார்ப்பதுபோல இருந்தது. பின்னாலேயே ஓடிவந்த சுமதி கூடத்தின் நடுவில் நின்று, எல்லா உத்தரவையும் ஒரேயடியாக மீறினாள்.

"சீனி! சீனி எறங்கிருச்சு! யாராச்சும் சீனித் தண்ணி கொண்டாங்க!"

பெண்ணின் அப்பா, அந்த அளந்து பேசுகிற மனிதர், பாயிலிருந்து பாதி எழும்பி, நெஞ்சில் கைவைத்து, வெளுத்துப்போய்க் கேட்டார்.

"எனக்கா?"

அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தம்பி சுவரைப் பார்த்தார். எங்கள் பெரியப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அறிந்துகொண்டோம்: மனிதருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். வெங்காயக் கிடங்குக்குப் பின்னால் போய்க் குளிசை மாத்திரை போடுவார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்கள் என்பதால், அந்த வார்த்தையை யாரும் எடுக்கக் கூடாதென்று அந்த வீட்டிலும் உத்தரவு. காலையிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று எதிரே உட்கார்ந்து, ஒரே வார்த்தையைச் சொல்லாமல் காவல் காத்திருக்கிறோம்.

இந்தக் குழப்பம் எதிலும் சேராத ஒரே ஆள் கல்யாணப் பெண். கூப்பிடும்வரை வெளியே வரக் கூடாதவள், தலையில் பூ ஒரு பக்கம் மட்டும் வைத்தபடி, டம்ளரில் சீனித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, நிலானியை வாங்கி மடியில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தாள். விழுங்கினாளா என்று பார்த்து, மறுபடி கொடுத்தாள்.

காத்திருந்தோம். வாழ்க்கையில் நான் ஓர் இடத்தில் முழுமையாக இருந்த நேரம் என்றால் அதுதான். மனம் எங்கும் போகவில்லை. அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. கண் சுற்றிவந்து, முதலில் பாயில் சிதறிக்கிடந்த கற்கண்டில் நின்றது, பிறகு என்னில்.

"யாருப்பா தட்ட ஒடைச்சது?" என்றாள்.

சுமதி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

பிறகு வரவேண்டிய கேள்வி வந்தது. பெண்ணின் அம்மா, குரலைத் தாழ்த்தி, நோகடிக்காமல்தான் கேட்டார்: இந்தச் சின்ன வயசில் எப்படி, குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா. சுமதி பதில் சொன்னாள்: இது பெரியவர்களுக்கு வருகிற சீனி இல்லை, இனிப்புத் தின்று வந்ததும் இல்லை, யாரும் கொடுத்து வந்ததும் இல்லை, வந்துவிட்டது. பெரியப்பா குறுக்கே புகுந்து, அது ஒன்றுமில்லை, பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கதையை மூடப் பார்த்தார். அப்போது, காலையிலிருந்து வாய் திறக்காத கஜன் பேசினான்.

"விடுங்க பெரியப்பா. எம் மருமகளுக்கு சீனி. மறைச்சுக் கூட்டியாந்தது எங்க தப்பு. அவ சீனின்னு சொல்ல முடியாத வீட்டுக்கு நான் மாப்பிள்ளையா வரல."

தர்ஷினி தலையைத் தூக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று தெரியாதபடி அவள் தோள் அசைந்தது. எல்லோரும் அவளுடைய அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மடியில் கிடந்த கற்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார். பிறகு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எலையக் கொண்டாங்கப்பா. புள்ள சாப்பிடட்டும். எனக்கும் ஒண்ணு போடுங்க. எனக்கும் நேரத்துக்குச் சாப்பிடணும். பொண்ணு கல்யாணமாச்சேன்னு காலையில இருந்து பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்."

அப்படியாக, ராகு காலத்தின் நட்டநடுவே, கூடத்தில் இரண்டே இரண்டு இலை விழுந்தது. ஒன்றில் ஆறு வயது, மற்றதில் அறுபது. பஞ்சாங்கம் தெரிந்தவர்களும் பசித்தவர்களுமாக நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நிலானிக்கு எப்போதும் அவசரமில்லை. பருப்பை ஒரு பக்கம் தள்ளி, அப்பளத்தை நொறுக்கி, அவர் இலையை எட்டிப்பார்த்து, இவ்வளவு சோறு உங்களுக்குக் கூடாதே என்று கண்டித்தாள். அவர் ஒரு கைப்பிடிச் சோற்றை ஒதுக்கிவைத்தார். ஜன்னல் வழியே வந்த வெயில் அந்த இரண்டு இலைகளையும் தொட்டுக்கொண்டு, சத்தமில்லாமல், எங்கோ போகிற வழியில் நின்றதுபோல் நின்றது.

ஒன்றரைக்குப் பிறகு தட்டு மாற்றினார்கள். கிழிந்த பொலித்தீன், பாதிக் கற்கண்டு. அபசகுனம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளான பெரியப்பா, தன் வேட்டி மடிப்பில் சிக்கியிருந்த கற்கண்டை யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டிருந்தார். வேன் வந்தது. பை வந்தது. மீட்டரும் மறுபடி நல்ல எண்ணைக் காட்டியது. கிணற்றடியில் பிள்ளையின் முகத்தைக் கழுவும்போது சுமதி என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள்: "நான் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தா?" நான் வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டேன்.

தர்ஷினி இப்போது எங்கள் வீட்டுப் பெண். நல்லது கெட்டதுக்குக் குடும்பம் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கதையைத் திறப்பது அவள்தான், "எனக்கா?" என்று நெஞ்சில் கைவைத்து அப்பாவைப் போலவே நடித்தும் காட்டுவாள். நான் எங்காவது மெய்மறந்து, "மலை இன்று கொஞ்சம் தள்ளி நிற்கிறது" என்பதைப் போல ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். யாராவது எழும்பி, மீட்டரைக் கொண்டுவந்து, என் விரலைப் பிடித்துவிடுகிறார்கள். ஒரு கவியரங்கத்தில், மேடையில் நான் கண்ணை மூடி இழுத்த இடத்தில், முன்வரிசையிலிருந்து என் சொந்த மைத்துனன் ஒரு டொபியை எறிந்தான். எனக்குச் சீனி இல்லையென்று பரிசோதித்து உறுதியாகிவிட்டது. ஆகவே நான் சொல்வதெல்லாம் நிஜக் கவிதைதான் என்று வாதாடுகிறேன். சுமதி அதை வியாதி என்றே வைத்திருக்கிறாள்.

அன்று சாயந்தரம் நாங்கள் புறப்படும்போது முற்றத்து வெயில் எழும்பிப் போய்விட்டிருந்தது. வெங்காயச் சருகுகள் ஓய்ந்து கிடந்தன. எல்லோரும் வேனில் ஏறி, பெரியப்பா எங்களை எண்ணி முடித்த பிறகு, பெண்ணின் அப்பா தனியாக நடந்து வந்தார். நிலானி உட்கார்ந்திருந்த ஜன்னலருகே நின்றார். அவர் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல, மெல்லக் கேட்டார். குளிசை இனிப் போதாது, ஊசிதான் போட வேண்டுமென்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், அவர்தான் பயத்தில் மாதக்கணக்காகத் தள்ளிப்போடுகிறாராம், வலிக்குமா?

நிலானி அவர் கையைப் பிடித்து, ஒரு அனுபவசாலிக்குரிய பொறுமையோடு சொன்னாள்.

"பயப்படாதீங்க தாத்தா, எறும்பு கடிக்கிற மாதிரிதான். எங்கப்பாவ மட்டும் போட விட்டுறாதீங்க."